சும்மா கிடந்த பெயர்

நாய்க்குட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு சனிக்கிழமை காலை. நான் ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு திரும்பி அன்றோடு இருபத்து மூன்று நாள் ஆகியிருந்தது. அப்போது எனக்கு நாள் எண்ணுவதைத் தவிர வேறு வேலை இல்லை.

எட்டாம் மாதத்தில் ஒரு நாள் வயிற்றுக்குள் அசைவு நின்றுபோனது. வகுப்பில் இருந்தேன். ஆறாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தபோதுதான், காலையிலிருந்து பிள்ளை ஒரு தடவைகூட உதைக்கவில்லை என்பது மனதில் பட்டது. சாக்பீஸை வைத்துவிட்டுக் குளிர்ந்த தண்ணீர் குடித்தேன். ஆசிரியர் அறைக்குப் போய் இடப்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். ஏற்கெனவே இரண்டு பெற்றவள், இதெல்லாம் தெரியும். ஒன்றும் நடக்கவில்லை. சாயங்காலம் ஸ்கேன் எடுத்த பெண் பேச்சை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிட எழுந்து போனபோதே எனக்குப் புரிந்துவிட்டது. மறுநாள், மற்ற இரண்டு பிள்ளைகளுக்கும் பட்ட அதே வலியைப் பட்டுத்தான் அவளையும் பெற்றேன். பெண் குழந்தை என்றார்கள்.

"பாக்காத," என்றாள் அம்மா. "பாத்தா கண்ணுலயே நிக்கும். மறக்க மாட்ட."

நானும் தலையாட்டிவிட்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். வெள்ளைத் துணியில் சுற்றியிருந்ததை என் கணவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனதை முதுகுப்பக்கமிருந்து பார்த்தேன், அவ்வளவுதான். அவரும் என் அண்ணனும் எங்கள் கோயில் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள். திரும்பி வரும்போது என் கணவர் குளித்திருந்தார், தலை ஈரமாக இருந்தது. "சாப்டியா?" என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மகளுக்கு அப்போது ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. மகனுக்கு நாலு, எல்.கே.ஜி. மகளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டாள். மகனிடம், பாப்பா சாமிகிட்டப் போயிருச்சு என்று சொல்லிவைத்தோம். "எப்ப வரும்?" என்றான். வராது என்று சொல்ல எங்கள் இருவருக்குமே வாய் வரவில்லை. "பாப்போம்," என்றார் அவர். அவனும் நாலைந்து நாள் கேட்டுவிட்டு விட்டுவிட்டான்.

பிள்ளை பிறக்குமுன்பே அதற்குப் பெயர் வைத்தவள் மகள்தான். தங்கச்சியாக இருந்தாலும் தம்பியாக இருந்தாலும் அதே பெயர்தான் என்று ஒரே பிடிவாதம். மகன் தினமும் பள்ளி வேன் ஏறுமுன் என் வயிற்றில் வாயை வைத்து, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "போயிட்டு வாரேன், சேட்டை பண்ணாம இரு" என்று சொல்லிவிட்டுப் போவான். வேன் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை.

என் கணவர் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் எழுத்தர். கூட வேலை பார்ப்பவருக்குச் சோழவந்தான். அவருடைய வெற்றிலைக் கொடிக்காலில் காவலுக்கு இருந்த நாய் குட்டி போட்டிருந்தது. அதில் ஒன்றைத்தான் ஆப்பிள் பெட்டியில் வைத்து, பெட்டியைப் பைக்கின் முன்னால் கட்டி, இவர் மதுரையில் எங்கள் வீடு இருக்கிற கோச்சடைவரை கொண்டுவந்திருந்தார். செவலை நிறம். முன்னங்காலில் ஒன்று மட்டும் பாதம் வரை வெள்ளை. பெட்டைக்குட்டி. பெட்டியிலிருந்து ஈரமண்ணும் மூத்திரமும் கலந்த வாடை வந்தது.

"புள்ளைகளுக்கு ஒரு மாறுதலா இருக்கும்," என்றார் என்னைப் பார்க்காமல்.

பிள்ளைகளுக்காக இல்லை, எனக்காகத்தான் கொண்டுவந்திருக்கிறார் என்று தெரிந்தது. அதுதான் எனக்குக் கோபம். ஒன்று போனால் இன்னொன்றா? அதுவும் நாயா? வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். பிள்ளைகள் அதற்குள் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். குட்டி விளிம்பில் கால் வைத்து ஏறப் பார்த்துக் கவிழ்ந்து விழுந்தது. மகள் சிரித்தாள். அந்த வீட்டில் இருபத்து மூன்று நாளுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு.

மகன் இரண்டு கையாலும் அதைத் தூக்கி மடியில் வைத்தான். வைத்துவிட்டு அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான்.

மகளின் சிரிப்பு நின்றது. இவர் சட்டைப் பித்தானைக் கழற்றிக்கொண்டிருந்த கையை அப்படியே வைத்திருந்தார்.

"டேய், அது வேணாம்டா. வேற பேரு வைப்போம்," என்றார்.

"ஏன்?"

"அது பாப்பா பேரு."

அவன் யோசித்தான். அவன் அடம்பிடிக்கிற பிள்ளை இல்லை, எதையும் நியாயமாகக் கேட்பான். "பாப்பாதான் வரலயேப்பா. அந்தப் பேரு சும்மாதான கெடக்கு," என்றான்.

நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். கழுவிய பால் பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன்.

மகள் அந்த வாரம் முழுக்க அந்தக் குட்டிக்கு வேறு பெயர் பழக்கப் பார்த்தாள். சாக்லேட் பெயர், பிஸ்கட் பெயர், கார்ட்டூனில் வருகிற பெயர் என்று என்னென்னவோ வைத்துக் கூப்பிட்டாள். கையில் பன் துண்டை நீட்டிக்கொண்டு பொறுமையாகக் கூப்பிடுவாள். குட்டி பன்னைத் தின்றுவிட்டு, ஹாலிலிருந்து தம்பி கூப்பிடும் அந்தப் பெயருக்கு ஓடிவிடும். கடைசியில் அவளும் ஓய்ந்துபோனாள். என்னிடம் வந்து, "நான் எம்புட்டோ சொல்லிப் பாத்துட்டேம்மா. அவன் கேக்க மாட்டேங்குறான். அதுவும் கேக்க மாட்டேங்குது," என்று குற்றம் செய்தவள்போல் சொன்னாள். ஏழு வயதுப் பிள்ளை என் முகத்தைப் பார்த்துப் பயந்து பயந்து நடந்துகொள்வது எனக்கு அப்போது தெரிந்தது. தெரிந்தும் அவள் தலையில் கை வைத்து ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. இன்றைக்கும் நினைத்தால் வலிப்பது அதுதான்.

காலை எட்டு மணிக்கு மேல் வீட்டில் நானும் குட்டியும் மட்டும். பள்ளியில் விடுப்பு நீட்டித்திருந்தார்கள். நான் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "இந்தா", "ச்சூ", "அங்கிட்டுப் போ", இவ்வளவுதான் எங்கள் பேச்சு. பதினொரு மணிக்கு அதற்குப் பசிக்கும். மெல்லிய குரலில் இழுத்து இழுத்து அழும். பால் வற்றுவதற்கு எனக்கு மாத்திரை கொடுத்திருந்தார்கள். நின்றுபோயிற்று என்றுதான் நினைத்திருந்தேன். அந்தக் குட்டி அழ ஆரம்பித்ததும் நெஞ்சில் சுருக்கென்று இழுத்து ரவிக்கை நனைந்துவிடும். முதல் தடவை அப்படி ஆனபோது எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. குட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்கட்டில் விட்டுக் கதவைச் சாத்தினேன். அது கதவைப் பிறாண்டிக்கொண்டே அழுதது. நான் இந்தப்பக்கம் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தபோது அது ஓடிவந்து என் காலடியில் படுத்துக்கொண்டது. பூட்டியவள் நான்தான் என்று அதற்குத் தெரியவில்லை.

இன்னொரு நாள் அதன் பெட்டியில் பார்த்தால், நான் பழைய நூல் சேலைகளைக் கிழித்து ஓரம் தைத்து வைத்திருந்த துணிகளில் ஒன்று விரித்திருந்தது. பிள்ளைக்கென்று மடித்து பீரோவின் கீழ்த்தட்டில் வைத்திருந்தவை.

"இத யாரக் கேட்டு எடுத்தீங்க?" என்றேன் இவரிடம்.

"துணிதானம்மா. குட்டிக்குத் தரை சில்லுனு இருக்கும்னு..."

"எடுத்து வைங்க."

"தொவச்சு வச்சிருதேன்."

"எடுத்து வைங்கன்னு சொல்றேன்ல!"

கத்திவிட்டேன். பிள்ளைகள் இரண்டும் டிவியிலிருந்து திரும்பிப் பார்த்தன. அவர் துணியை உருவி எடுத்தார். அன்று சாயங்காலம் அவரே துவைத்துக் காயப்போட்டிருந்தார். கொடியில் அது ஒற்றையாகத் தொங்கியது இன்னும் மோசமாக இருந்தது.

தடுப்பூசிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அவருக்குப் பள்ளியில் ஏதோ தணிக்கை வேலை. இரண்டு பிள்ளைகளையும் குட்டியையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். கால்நடை டாக்டரின் வாசலில் மேசை போட்டு அட்டை எழுதிக்கொண்டிருந்தவர் வயது கேட்டார், நிறம் கேட்டார். பிறகு "பேரு?" என்றார்.

"பேரு ஒண்ணும் இல்லங்க," என்றேன்.

"இருக்கு!" என்று சொல்லி, மகன் மேசை விளிம்பைப் பிடித்து எக்கி நின்று அந்தப் பெயரைச் சத்தமாகச் சொன்னான். அவர் சிரித்துக்கொண்டே எழுதிவிட்டார். குண்டுகுண்டாக, அழகான கையெழுத்து. ஆஸ்பத்திரியில் எனக்குக் கொடுத்த காகிதத்தில் என் பெயரைப் போட்டு, 'அவரது பெண் சிசு' என்று மட்டும் இருந்தது. அந்தப் பெயர் இந்த உலகத்தில் எழுதப்பட்டது அந்த ஓர் அட்டையில்தான். அதை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

அன்று ஊசி போட்ட பிறகு குட்டிக்குக் காய்ச்சல். மடியில் போட்டுக்கொண்டு மறுநாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். சூடான சின்ன வயிறு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கஞ்சித் தண்ணியை விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். எப்போது என்று சொல்லத் தெரியவில்லை, அதற்குப் பிறகு எனக்கு அதன்மேல் கோபம் இல்லை. செப்டம்பர் போனது. குட்டி வளர்ந்தது. என் செருப்பில் இரண்டையும் மகளின் கணக்கு நோட்டில் பாதியையும் தின்றது. நான் துணி காயப்போட்டால் பின்னாலேயே வந்து சேலை முந்தானையைக் கடித்து இழுக்கும். பிள்ளைகளின் வேன் தெருமுனையில் திரும்பும்போதே அதற்குத் தெரிந்துவிடும். இவ்வளவு ஆன பிறகும் பெயரை மட்டும் நான் சொல்லவில்லை.

தீபாவளிக்கு முந்தின நாள். நாங்கள் கொண்டாடுவதில்லையென்றாலும் தெருவில் பாதி வீட்டிலிருந்து பலகாரத் தட்டு வந்துவிடும், பிள்ளைகளும் மத்தாப்பு வேண்டுமென்று கேட்பார்கள். இவர் கோரிப்பாளையம் பக்கம் செல்போனைப் பழுதுபார்க்கக் கொடுக்கப் போயிருந்தார். பகல் பன்னிரண்டு மணி இருக்கும். சிலிண்டர் கொண்டுவந்தவருக்காகக் கேட்டைத் திறந்தேன். அவர் காலி சிலிண்டரை உருட்டிக்கொண்டு வெளியேறும் நேரத்தில் எதிர்வீட்டு வாசலில் சரவெடி வெடித்தது. செவலையாக ஒன்று என் காலைத் தட்டிக்கொண்டு பாய்ந்ததுதான் தெரியும். வெடி ஓய்ந்து புகை கலைந்தபோது தெருவில் அது இல்லை.

மகனை எதிர்வீட்டில் விட்டுவிட்டு மகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். முதல் தெருவில், "இந்தா, இந்தா" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். அந்தச் சத்தத்தில் எந்த நாய் திரும்பும்? "பேரச் சொல்லிக் கூப்புடும்மா," என்றாள் மகள். "நீ கூப்புட்டாத்தான் கேக்கும். ஒனக்குத்தான் சத்தம் வரும்."

கூப்பிட்டேன்.

வகுப்பில் நாற்பது பிள்ளைகளை அடக்குகிற குரல் எனக்கு. அந்தக் குரலில், அந்தப் பெயரை, தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு போனேன். பைபாஸ் பக்கம் திரும்பும் இடத்தில் வடைக்கடை போட்டிருந்த அக்கா கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்தார். ஐம்பது வயதிருக்கும். அதற்குமுன் அவரிடம் நான் பேசியதில்லை.

"என்னம்மா, யாரத் தேடுற?"

"காணோம்க்கா. கேட்டு தொறந்திருந்துச்சு. வெடி போட்டாங்க. இந்தப் பக்கந்தான் வந்திருக்கணும்."

"எம்புட்டு வயசு?"

"நாலு மாசம்."

"நாலு மாசமா?" கரண்டி எண்ணெய்ச் சட்டிக்குள் விழுந்தது. "பொம்பளப் புள்ளையா?"

"ஆமாக்கா."

"அடப் பாவிகளா! ஏய், எல்லாரும் வாங்கய்யா! நாலு மாசத்துப் பச்சப்புள்ளய எவனோ தூக்கிட்டுப் போயிட்டானாம்!"

திருத்தியிருக்க வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து நாலைந்து பேர் ஓடிவந்தார்கள். "எந்தப் பக்கம் போனான்?", "பைக்கா, நடந்தா?", "மாப்ள, நீ பாலத்துப் பக்கம் வண்டிய விடு" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். ஒருவர் போனை எடுத்துப் போலீசுக்குப் பேசப் போனார். பூ வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெண் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழவே ஆரம்பித்துவிட்டாள். "பேரு என்ன சொன்ன? பேரு என்ன?" என்று யாரோ கேட்க, யாரோ அந்தப் பெயரைச் சொன்னார்கள். என் பிள்ளைக்காக இத்தனை பேர் பதறியதை நான் அன்றுதான் பார்த்தேன். அது ஆஸ்பத்திரியில் நடக்கவில்லை, வீட்டில் நடக்கவில்லை, நடுரோட்டில் நடந்தது. ஒரு நிமிடம், அதிகம் போனால் ஒன்றரை நிமிடம். அதை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

"என்ன டிரெஸ்சு போட்டிருந்துச்சு?" என்றார் போன் வைத்திருந்தவர்.

மகள்தான் சொன்னாள். "அது எங்க நாய்க்குட்டி, அங்கிள்."

பூ வாங்கிய பெண் என் தோளிலிருந்து கையை எடுத்தாள். ஒருவர் சிரித்தார். வடைக்கடை அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"நாயா? ஏம்மா, படிச்ச பொம்பள மாதிரி இருக்க. நாய்க்கு மனுசப்புள்ள பேர வச்சுக்கிட்டு, நாலு மாசம், பொம்பளப் புள்ளனு வேற சொல்ற! எங்க வயித்துல நெருப்ப அள்ளிப் போட்டுட்டயே!"

நான் அங்கேயே ரோட்டு ஓரம் உட்கார்ந்துவிட்டேன். "புள்ளையும் போயிருச்சுக்கா," என்றேன். "அதுக்கு வச்ச பேருதான். எட்டாம் மாசத்துல போயிருச்சு. நான் மொகத்தக்கூடப் பாக்கல."

இதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை, அதுவும் பெயர் தெரியாத ஒருவரிடம். என் மகள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த அக்கா அடுப்பை அணைத்தார். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து முதலில் மகளுக்குக் கொடுத்தார், பிறகு எனக்கு. "வெயில்ல உக்காராத, எந்திரி," என்றார். பிறகு ஆட்டோக்காரர்களைப் பார்த்து, "என்னய்யா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? நாயின்னா தேட மாட்டீங்களா?" என்று அதட்டினார். அதில் ஓர் அண்ணன் ஆட்டோவை எடுத்துக்கொண்டு வந்து எங்களை ஏற்றிக்கொண்டார். காசு வாங்க மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஆற்றங்கரை ஓரமாகவே ஓட்டினார். வைகையில் அந்த வருடம் கொஞ்சம் தண்ணீர் ஓடியது. கருவேல மரங்களுக்குள் எங்கே செவலையாகத் தெரிந்தாலும் வண்டியை நிறுத்துவார். நான் இறங்கிக் கூப்பிடுவேன். தொண்டை கட்டும்வரை கூப்பிட்டேன்.

கிடைக்கவில்லை. சாயங்காலம் இவர் வந்து பைக்கில் போய்த் தேடினார். தீபாவளியன்று காலையிலிருந்து மழை. மழையில் நனைந்துகொண்டு மறுபடியும் போனார். தடுப்பணைப் பக்கம் ஒரு குட்டி நிற்கிறது என்று யாரோ சொல்லி ஓடினோம். அதற்கு நாலு காலும் செவலை. பிறகு இரண்டு வாரம் அக்கம்பக்கத்துத் தெருக்களில் விசாரித்துக்கொண்டே இருந்தோம். இன்றுவரை அந்தக் குட்டி என்ன ஆனது என்று எங்களுக்குத் தெரியாது.

தீபாவளியன்று சாயங்காலம் மழை விட்டிருந்தது. மகன் காலிப் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"அதுவும் சாமிகிட்டப் போயிருச்சா?" என்றான்.

இவர் என்னைப் பார்த்தார். எனக்கு இன்னொரு தடவை அந்தப் பொய்யைச் சொல்ல முடியவில்லை. "தெரியலடா தம்பி. எங்க போச்சுன்னு அம்மாவுக்குத் தெரியல," என்றேன்.

"பாப்பா?"

அவனைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துச் சொன்னேன். பாப்பா என் வயிற்றுக்குள்ளேயே செத்துப்போய்விட்டது. யாரும் ஒன்றும் செய்யவில்லை, அதுவாக நின்றுவிட்டது. அப்பாவும் மாமாவும் கொண்டுபோய்க் கல்லறைத் தோட்டத்தில் புதைத்துவிட்டார்கள். இனி வராது.

அவன் அழவில்லை. "நீ பாத்தியா?" என்றான்.

"இல்ல."

"ஏன்?"

மகள் எழுந்து வந்து என் முதுகில் சாய்ந்துகொண்டாள். அப்போது இவர் பேசினார். எதிர்வீட்டிலிருந்து வந்த பலகாரத் தட்டு அவர் முன்னால் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"தல நெறைய முடி. பெரியவளுக்கு இருந்துச்சுல்ல, அதே மாதிரி. கையி ரெண்டும் மூடி இருந்துச்சு. நகம் வளந்திருந்துச்சு. மூக்கு ஒன் மூக்கு. தூங்குற மாதிரிதான் இருந்துச்சு, வேற ஒண்ணும் இல்ல. ஒங்கண்ணேன் மூடிருங்க மாப்ளன்னாரு. நான் கொஞ்ச நேரம் மடியில வச்சிருந்தேன்."

"எம்புட்டு நேரம்?"

"குழி வெட்டி முடிக்கிற வரைக்கும்."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீ கேப்பன்னு இருந்தேன்."

நான்கு மாதமாக நானும் அவர் சொல்லட்டும் என்றுதான் இருந்தேன். அதை அவரிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். மகன் தட்டிலிருந்து ஒரு முறுக்கை எடுத்து இரண்டாக உடைத்து ஒரு பாதியை அக்காவிடம் நீட்டினான். பிள்ளைகளுக்குப் பசி வந்துவிட்டது.

அந்த வருடம் கல்லறைத் திருநாள் தீபாவளியை ஒட்டியே வந்தது. நால்வரும் போனோம். வாசலில் சாமந்தியும் மெழுகுவர்த்தியும் விற்றுக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஒவ்வொரு கல்லறையாகக் கழுவி, பூ வைத்து, குடும்பம் குடும்பமாக நின்றுகொண்டிருந்தார்கள். மைக்கில் செபம் ஓடியது. சின்னப் பிள்ளைகளைப் புதைக்கும் இடம் கடைசியில், மதில் ஓரம். அங்கே சிலுவையும் இல்லை, பெயரும் இல்லை. சின்னச் சின்ன மேடுகள்தான்.

இவர் முன்னால் போனார். மதிலில் ஒரு விரிசலை அடையாளம் வைத்திருந்தார். அங்கிருந்து மூன்றாவது என்றார். இப்போது அங்கே புதிதாக ஒன்றிரண்டு மேடு வந்திருந்தது. மழையில் பழையவை கரைந்து தரையோடு தரையாகிக் கோரை முளைத்திருந்தது. விரிசலிலிருந்து எண்ணினார். மறுபடி எண்ணினார். மதிலுக்கும் மேட்டுக்கும் இடையில் இரண்டு தடவை நடந்தார்.

"இதுதான்," என்றார். பிறகு, "இல்ல, அதுவா?" என்றார். "ஒரு கல்லு வச்சிருந்தேனே. நல்லாத் தெரியும் எனக்கு. இங்கனதான் வச்சேன்."

அவர் குனிந்து கோரையை விலக்கி விலக்கிக் கல்லைத் தேடினார். பக்கத்தில் நின்றவர்கள் பார்க்க ஆரம்பித்தார்கள். நான் அவர் தோளைத் தொட்டேன்.

"பரவாயில்லங்க. ரெண்டுலயும் வைப்போம்."

"ரெண்டு பாப்பாவா?" என்றான் மகன்.

"இல்லடா, ஒண்ணுதான் நம்ம பாப்பா," என்றாள் மகள். "இன்னொண்ணு வேற யாரு வீட்டுப் பாப்பாவோ."

"அதுக்கு யாரும் வரலயா?"

அவனே பூவை இரண்டு பங்காகப் பிரித்தான். எண்ணித்தான் வைத்தான், ஒன்று கூடாமல் குறையாமல். மகள் மெழுகுவர்த்தி ஏற்றினாள். காற்றில் நிற்கவில்லை, மூன்று தடவை ஏற்ற வேண்டியிருந்தது. தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்த சாமியார் மதில் ஓரம் வரை வந்து எங்களுக்கும் தெளித்துவிட்டுப் போனார். நான் முழங்காலில் இருந்து ஏதாவது சொல்ல வேண்டுமென்று பார்த்தேன். தெருவெல்லாம் கத்தின குரல் அங்கே வரவில்லை. இரண்டு மேட்டிலும் கை வைத்துவிட்டு எழுந்துகொண்டேன். மண் மழையில் ஊறிக் குளிர்ந்து கிடந்தது.

வெளியே வண்டி நிறுத்தத்தில் ஒரே நெருக்கடி. பிள்ளைகள் இருவரும் பஞ்சுமிட்டாய் கேட்டு வாங்கிக்கொண்டு நின்றார்கள். இவர் பைக்கின் பூட்டைத் திறந்தார். ஹெல்மெட்டைத் தலையில் போட்டவர் வண்டியை எடுக்காமல் அப்படியே நின்றார். தோள் குலுங்குவதைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஹெல்மெட்டுக்குள் அவர் அழுதுகொண்டிருந்தார்.

"எனக்கு எடம் நல்லாத் தெரியும்," என்றார். "எங்கையாலதான் வச்சேன். நல்லாத் தெரியும்."

கழற்றச் சொல்லி ஹெல்மெட்டை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டேன். எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம். அவர் அழுது நான் பார்த்ததில்லை. கூட்டத்துக்கு நடுவில், முகத்தைத் துடைக்கக்கூடத் தெரியாமல், சின்னப் பையன்போல் நின்று அழுதார். என் முந்தானையை எடுத்துக் கொடுத்தேன். மகன் பஞ்சுமிட்டாயைக் கீழே இறக்கிப் பிடித்துக்கொண்டு அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பின்னால் வண்டியை எடுக்க வந்தவர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். எங்கள் வண்டியை ஓரமாகத் தள்ளி அவருக்கு வழிவிட்டோம்.